செங்கமலம் வீட்டு டிவியில் என் குரல்

18 ஜூன் 1991, செவ்வாய்

புது ஆண்டெனா ஒயர் பிரமாதம். மாடியிலிருந்து வேப்ப மரம் வரை நீளமாக இழுத்துக் கட்டி, முனையை ஜன்னல் வழியாக ரேடியோ செட்டுக்குக் கொண்டுவந்தாயிற்று. காலையில் ரேடியோவில் கோவை சுப்பராயன், "பக்கத்து ரூம்ல உக்காந்து பேசற மாதிரி இருக்குதுங்க" என்றார். அமெச்சூர் ரேடியோ லைசென்ஸ் வாங்கியதிலிருந்து எனக்கு இப்படி ஒரு பாராட்டு கிடைத்ததில்லை. மீட்டரும் சரியாகக் காட்டுகிறது. அனுப்பும் சக்தி எதுவும் செட்டுக்குத் திரும்பவில்லை. எர்த்துக் குழியில் உப்பும் கரியும் போட்டுத் தினமும் தண்ணீர் ஊற்றியது வீண்போகவில்லை.

மைக் மட்டும் உதட்டைச் ஷாக் அடிப்பதுபோல் சுரீர் என்று கடிக்கிறது. கடிக்கட்டும்.

21 ஜூன், வெள்ளி

இன்று பெரிய ரகளை.

ஒரே சுவர், இரண்டு குடித்தனம். அந்தப் பக்கம் செங்கமலம். பிள்ளைப்பாக்கத்தில் எங்கள் தெருவுக்கு அவள் வீட்டு டிவிதான். வெள்ளிக்கிழமைப் பாட்டு நேரம், தெருவே அங்கே உட்கார்ந்திருந்தது. நான் இங்கே செட்டில் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். அங்கே பாட்டுக்கு நடுவில் கரகரவென்று என் குரல்!

செங்கமலம் வாசலில் வந்து நின்றாள். பின்னால் கூட்டம். "இன்னா ஜாஸ்மின், எங்க டிவில நீ பேசிக்கினு கீறே? விக்டரு யாரு? அஞ்சு ஒம்போதுன்னா இன்னா?"

விக்டர் ஆள் இல்லை, வி என்ற ஆங்கில எழுத்துக்கு ரேடியோவில் சொல்லும் பெயர். ஐந்து ஒன்பது என்றால் உங்கள் குரல் தெளிவாகக் கேட்கிறது என்று பொருள். அவ்வளவுதான். ஆனால் போன மாதம் பக்கத்திலேயே தலைவரைக் கொன்ற அந்தக் குண்டு வெடித்து, கொன்றவர்கள் வயர்லெஸ்ஸில் பேசுகிறார்கள் என்று பேச்சு அடிபடும்போது, வயர்லெஸ் என்ற சொல்லே இங்கே போதும். பொறுமையாகச் சொல்லியிருக்கலாம். நான் சொன்னது: "என் மீட்டர்ல எல்லாம் சரியாத்தான் காட்டுது. உங்க பூஸ்டர்தான் மட்டமான சரக்கு."

அவள் புருஷன் முனிரத்தினம் டிவி சிக்னலைப் பெருக்க ஆசையாக வாங்கி ஆண்டெனாவில் மாட்டிய பூஸ்டர். அத்தனை பேர் முன்னால் அவள் முகம் சுண்டிப்போனது.

ஏன் எனக்கு இந்த வாய்?

22 ஜூன்

போலீஸ் வந்துவிட்டது. சப்-இன்ஸ்பெக்டர். லைசென்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பேப்பரு சரிதாம்மா. ஆனா தெருவே பயந்து போய் கீது. வர்ற வெள்ளிக்கிழமை நானே அந்த வூட்ல வந்து உக்கார்றேன். நீ இங்க பேசு. டிவில உன் குரல் வந்திச்சுன்னா செட்டத் தூக்கிக்கினு போயிடுவேன். மத்தத ஸ்டேஷன்ல பேசிக்கலாம்."

என் வீட்டுக்காரர் எழிலரசன் மறைமலை நகரில் ஷிப்ட் முடித்து வந்து கேட்டுவிட்டுக் கத்தினார். "எல்லாத்தையும் அவுத்துடு. கம்பெனிக்குத் தெரிஞ்சா உன் வேலையும் பூடும்." எனக்குக் கம்பெனியில் டெஸ்டிங் பெஞ்ச் வேலை. போலீஸ் கேஸ் என்று ஒரு வார்த்தை போனால் கேட் பாஸ் போய்விடும். அவர் பயம் நியாயம்தான்.

ஆனால் அவிழ்த்தால்? தப்பு செய்ததாக ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடாதா? மாட்டேன்.

23 ஜூன், ஞாயிறு

கோயிலில் பிரசங்கம் காதில் ஏறவில்லை. மைக் ஏன் கடிக்கிறது என்பதே மண்டையில் ஓடியது. கடிக்கிறது என்றால் ரேடியோ கரண்ட் வீட்டுக்குள் இருக்கிறது. மீட்டர்?

முட்டாள். மீட்டர் சொன்னது செட்டின் சுகத்தை மட்டும். நடுவில் ட்யூனர் என்ற பொருத்தும் பெட்டியை வைத்துச் செட்டைச் சமாதானப்படுத்திவிட்டேன், அவ்வளவுதான். ஆண்டெனாவில் ஒயர் ஒரு பாதி என்றால் எர்த்து இன்னொரு பாதி. அந்த எர்த்து ஒயரும் என்னோடு சேர்ந்து பேசிக்கொண்டிருக்கிறது. அது யாருடைய எர்த்து? இரண்டு வீட்டுக்கும் ஒரே குழி! உப்புத் தண்ணீர் ஊற்றி ஊற்றி என் குரலை நானே செங்கமலம் வீட்டுக்குள் அனுப்பியிருக்கிறேன்.

பூஸ்டர் பாவம்.

25 ஜூன்

சரி செய்ய அவள் டிவி வேண்டும். அதுதான் பொய் சொல்லாத மீட்டர். போனேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள், நிமிரவில்லை.

"ஊரு முன்னாடி மட்டமான சரக்குன்னியே."

"சொன்னேன். தப்பு என்னோடதுதான், பூஸ்டர் நல்லாத்தான் இருக்கு. நான் பேசும்போது நீ டிவி முன்னாடி நின்னு வருதா இல்லையான்னு சொல்லணும்."

இரண்டு காம்பு கிள்ளினாள். பிறகு, "கம்ப்ளைண்டு குட்த்தது எங்க வூட்டுக்காரரு. நான் வேணான்னுதான் சொன்னேன்" என்று கையைத் துடைத்துக்கொண்டு டிவியைப் போட்டாள்.

எர்த்தைக் கழற்றிப் பேசினேன். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து: "வருது!" எர்த்து போனால் வீட்டு ஒயரிங்கையே இன்னொரு பாதியாக்கிக்கொள்கிறது; எர்த்தே தேவைப்படாத ஆண்டெனா வேண்டும்.

27 ஜூன்

நேற்றே பழைய ஒயரை இறக்கியாயிற்று. அதை நடுவில் வெட்டி, இரண்டு பக்கமும் சமமாகக் கைகள். நடுவிலிருந்து கேபிள் நேராகக் கீழே இறங்குகிறது. மேலே இணைப்புக்குக் கீழேயே கேபிளைச் சுருளாகச் சுற்றிக் கட்டினேன், கரண்ட் அதன் மேல்தோல் வழியாக வீட்டுக்குத் திரும்பிவிடாமல் இருக்க. வேப்ப மரத்தில் ஏறியது எழிலரசன். ஏறி இறங்கும் வரை திட்டினார்.

இன்று ட்யூனரே இல்லாமல், திரும்பும் சக்தியைக் காட்டும் மீட்டர் முள் தணியும் வரை, இரண்டு முனையிலும் ஒரே அளவாக, கொஞ்சம் கொஞ்சமாக வெட்டினேன். பிறகு பேசினேன். சுவர்ப் பக்கம் திரும்பிக் கத்தினேன்.

"செங்கமலம்?"

"செய்தி படிச்சிக்கினு கீறான். உன்னக் காணோம்!"

28 ஜூன், வெள்ளி

சப்-இன்ஸ்பெக்டர் தனியாக வந்தார். மற்ற போலீஸ்காரர்கள் பந்தோபஸ்து வேலையில். செங்கமலம் வீட்டில் உட்கார்ந்தார். நான் சுப்பராயனோடு பேசினேன். டிவியில் ஒன்றும் வரவில்லை.

எழுந்து இங்கே வந்தார். "நீ வாயை மூடிக்கினு இருந்தா டிவில எப்படிம்மா வரும்? நான் பக்கத்துல உக்கார்றேன், மறுபடி பேசு. வருதா இல்லையான்னு அந்தம்மா சொல்லட்டும்."

இனி எல்லாம் செங்கமலம் வாயில். நான் அவமானப்படுத்தினவள். பக்கத்தில் கம்ப்ளைண்டு கொடுத்த புருஷன். வருது சார் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், செட்டும் போகும், வேலையும் போகும்.

பேசினேன். என்ன பேசினேனோ. மைக் கடிக்கவில்லை என்பது மட்டும் தெரிந்தது.

"வருதாம்மா?" என்று சப்-இன்ஸ்பெக்டர் கத்தினார்.

முனிரத்தினம் என்னவோ முணுமுணுத்தார். அவள், "நீ சும்மா இரு" என்றாள். பிறகு ஓங்கிய குரலில்: "வரல சார். பாட்டுதான் வருது."

அவர் போன பிறகு அழுதேன்.

5 ஜூலை, வெள்ளி

பாட்டு நேரம். செட்டைத் தொடவில்லை. தொட்டாலும் அங்கே கேட்காது, இருந்தாலும். செங்கமலம் வீட்டில் போய்த் தரையில் உட்கார்ந்தேன். முனிரத்தினம் விசிறியை என் பக்கம் திருப்பி வைத்தார். மூன்று பாட்டும் பழசு, பொறுமையைச் சோதித்தன. செங்கமலம் என் காதருகே குனிந்தாள்.

"பாட்டு ஒண்ணுமே சரியில்ல. நீயே பேசிக்கினு இருந்திருக்கலாம்."