உறுப்பினர்களுக்கு மட்டும் ஒரு கட்டில்

நேற்று என் மகள் என்னை ஒரு மரச்சாமான் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். என் முட்டிவலிக்கு ஏற்ற மாதிரி கொஞ்சம் உயரமான நாற்காலி வேண்டும் என்று நான்தான் நச்சரித்துக்கொண்டிருந்தேன். உள்ளே காலை வைத்ததும் வார்னிஷ் வாசனை மூக்கில் ஏறியது. அது போதாதென்று கல்லாவில் உட்கார்ந்திருந்த பெண் சிரித்தபடி கேட்டாள்: "மெம்பர்ஷிப் இருக்குதா மேடம்? மெம்பருக்குன்னா தனி ரேட்டு."

அவ்வளவுதான். "உட்கார ஒரு நாற்காலி கேட்டா எதுக்கும்மா மெம்பர்? மெம்பர் இல்லாதவங்க நின்னுக்கினே சாவணுமா?" என்று நான் போட்ட சத்தத்தில் கடையே திரும்பிப் பார்த்தது. மகள் தலையில் அடித்துக்கொண்டு என்னை வெளியே இழுத்து வந்தாள். "அந்தப் பொண்ணு உன்னை என்னம்மா பண்ணுச்சு?" என்று கேட்டாள். ஒன்றும் பண்ணவில்லைதான். பாவம், சின்னப் பெண். ஆனால் மெம்பர் என்ற சொல் காதில் விழுந்தாலே எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது. ஏன் என்று உனக்குத்தான் தெரியும். நீ கண்ணை மூடி மூன்று மாதம் ஆகிறது. இருந்தாலும் உன்னிடம்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

எழுபதுகளின் தொடக்கம். நாம் இரண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடத்தில் டீச்சர். நீ மூன்றாம் வகுப்பு, நான் நான்காம் வகுப்பு, நடுவில் ஒரு தட்டி. மதியச் சாப்பாட்டு நேரத்தில் மெட்ராசிலிருந்து ஒரு ஆள் வந்தானே, டெரிலின் சட்டையும் கைப்பெட்டியுமாக, நினைவிருக்கிறதா? பெட்டியிலிருந்து வழவழப்பான படப் புத்தகம் ஒன்றை எடுத்தான். கட்டில், பீரோ, நிலைக்கண்ணாடி, சோபா. நாம் கையை நீட்டியதும் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டான். "மெம்பருக்கு மட்டும்தான் டீச்சர் காட்டணும். வெளியாளு கண்ணுல படக்கூடாது, அது ரூலு."

இப்போது நினைத்தால் உடம்பெல்லாம் எரிகிறது. விற்க வந்தவன் சாமானை ஒளித்து வைக்கிறான், வாங்குகிற நாம் அதைப் பார்ப்பதற்குக் கெஞ்சுகிறோம். எந்த ஊர் நியாயம் இது? ஆனால் அன்றைக்கு எனக்கு அது பெருமையாக அல்லவா இருந்தது! "கடைக்காரன் லாபம், அவன் வாடகை, அவன் வூட்டு விசேஷம், இதையெல்லாம் நீங்க ஏன் டீச்சர் சுமக்கணும்? எங்க கிளப்புக்குக் கடையே கிடையாது. கம்பெனியில இருந்து நேரா உங்க வூடு" என்றான். இன்றைக்கே சேர வேண்டும், நாளைக்கு என்றால் இடம் இருக்காது என்றும் சொன்னான். நாளைக்கு இல்லாமல் போகும் இடம் எந்த இடம் என்று நான் கேட்டேனா? கேட்கவில்லை. ஊரில் எல்லோரையும் கேள்வி கேட்கிற நான், அவனிடம் பேனா இருக்கிறதா என்று மட்டும் கேட்டேன்.

உனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்த சமயம். வயது முப்பத்தொன்று. அப்பா இல்லை, அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. மாப்பிள்ளை வீடு பிள்ளையார்பாளையத்தில், ஒரே தறி, அவரும் அவருடைய அம்மாவும். சீர்க் கட்டிலை உன் சம்பளத்தில் நீயே வாங்குவதாகச் சொல்லியிருந்தாய். முப்பத்தொரு வயதில் ஒரு வீட்டுக்குள் போகிறவள் தலை நிமிர்ந்து போக வேண்டும் என்பது உன் ஆசை. அதை நீ வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் எனக்குத் தெரியும்.

நீ தயங்கினாய். "பாய் கடையில சொல்லிடலாம்மா. எங்க தெருவுல எல்லாருக்கும் அவருதான்" என்றாய்.

கடைத்தெருவில் கட்டில் கடை வைத்திருந்த பாயைத்தான் சொன்னாய். ஊரில் ஒரு வழக்கம் இருந்தது. பெண் கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டுப் படி ஏறக்கூடாது. பெண் வீட்டுக்காரர்கள் போய் அறையை அளந்தாலோ, "எங்க வூடு சின்னதுன்னு அளக்க வந்தீங்களா?" என்று சம்பந்தி முகம் கோணிவிடும். அதனால் பாய்தான் போவார். அவர் வியாபாரி, அவர் அளந்தால் யாருக்கும் குறை கிடையாது. காபி குடித்துவிட்டு, நூலைப் போட்டு அளந்து, கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, தறி எந்தப் பக்கம் இருக்கிறது எல்லாம் பார்த்துக்கொண்டு வந்து, அதற்கப்புறம்தான் மரத்தில் கை வைப்பார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா உனக்கு? மறந்திருக்க மாட்டாய். "அந்தத் தூசிக் கடையில போயா வாங்குவே? ஒரு கட்டிலுக்கு மூணு மாசம் இழுத்தடிப்பாரு. அளக்க வர்றதுக்கும் சேர்த்துத்தான் நம்ம தலையில கட்டுவாரு" என்றேன். உன் படிவத்தையும் நானே நிரப்பினேன். நீ கையெழுத்து மட்டும் போட்டாய்.

படப் புத்தகத்தில் கட்டில் மூன்று அளவில் இருந்தது. எது வேண்டும் என்று எழுதி அனுப்ப வேண்டும், அவ்வளவுதான். அறை எப்படி இருக்கும், அதில் வேறு என்ன இருக்கும் என்று கிளப்புக்காரன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அளந்துகொண்டு வர ஆள் வேண்டுமே என்று நீ கவலைப்பட்டபோது, "நான் இருக்கேன், விடு" என்றேன். பத்திரிகை வைக்கிற சாக்கில் உன் மாமியார் வீட்டுக்குப் போனேன். அவர் எனக்குக் குடிக்கக் கலர் சோடா வாங்கி வரச் சொல்லி ஆள் அனுப்பினார். அது வருவதற்குள், சுவரில் மாட்டியிருந்த சாமி படங்களை ஒவ்வொன்றாகக் கும்பிடுகிற மாதிரி, குதிகாலோடு கால்விரலை ஒட்டி ஒட்டி வைத்து அறையின் நீளத்தையும் அகலத்தையும் நடந்தே அளந்துவிட்டேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

"ஒரு பக்கம்தான் தறி. மீதி அறை காலி. ராஜா கட்டிலே போடலாம்" என்றேன் உன்னிடம்.

"பாவு ஏத்தியிருந்துதா?" என்று கேட்டாய்.

"தறி இருக்கிற இடத்தைக் கழிச்சிட்டுத்தான் அளந்தேன். எனக்கென்ன கண்ணு அவிஞ்சா போச்சு?" என்று சிடுசிடுத்தேன். ஓரிக்கையில் வேர்க்கடலை பறித்து வளர்ந்தவள் நான். பாவைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? என் சத்தத்தைக் கேட்டதும் நீ அடங்கிப் போனாய். எப்போதும் அப்படித்தான் நீ.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. மறுநாள் மஞ்சள் ஈரம் காயாத கழுத்தோடு நீ அந்த வீட்டுக்குப் போனாய். பின்னால் மாட்டு வண்டியில் கிளப் கட்டில். மெட்ராஸ் கட்டில் என்று தெருவே வாசலுக்கு வந்து பார்த்தது. நான் வண்டிக்குப் பக்கத்திலேயே, ஏதோ தேர் இழுக்கிற மாதிரி நடந்து வந்தேன்.

முந்திக்கொண்டு அறைக்குள் எட்டிப் பார்த்தேன். நான் அளந்த காலி இடத்தில் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை அரக்கு நிறத்தில் பட்டு நூல் நீண்டு, எதிர்ச்சுவரில் இழுத்துக் கட்டியிருந்தது. அதுதான் பாவு. தறி என்றால் மேடையும் குழியும் மட்டும் இல்லை, அந்த நூல் நீள்கிற இடமும் தறிதான் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. பழைய பாவு முடிந்து புதுப் பாவு பிணைக்கிறதற்கு இடையில் இரண்டு நாள்தான் அந்த இடம் காலியாக இருக்கும். நான் போனது அந்த இரண்டு நாளில் ஒரு நாள்.

கட்டிலைப் போட்டால் பாவை அவிழ்க்க வேண்டும். பாவு இருந்தால் கட்டிலுக்கு இடம் இல்லை. வண்டிக்காரன் கட்டில் தலையைத் தூக்கிப் பிடித்தபடி வாசலில் நிற்கிறான். தெருவில் யாரோ சிரித்தார்கள். உன் மாமியார் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டார்: "தறியை நிறுத்திட்டுப் படுத்துத் தூங்கச் சொல்றீங்களா? எங்க சோறும்மா இது. யாரு அளந்தது?"

நான் உன் பக்கத்தில்தான் நின்றேன். தோளோடு தோள் இடிக்கிற தூரம். நீ என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நான்தான் அத்தை உத்தேசமா அளவு குடுத்தேன்" என்றாய்.

நான் வாயைத் திறக்கவில்லை.

மறு வாரமே பஸ் ஏறி மெட்ராஸ் போனேன். கிளப் ஆபீஸ் ஒரு மாடிப்படிக்குக் கீழே இருந்த அறை. அங்கே போட்டேன் பார் ஒரு கூச்சல்! மேஜையைத் தட்டினேன். மாற்றிக் கொடு, இல்லாவிட்டால் சின்ன அளவு கொடு என்றேன். அங்கே இருந்தவன் படிவத்தைத் திருப்பி, அடியில் எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்த எழுத்தைக் காட்டினான். "எடுத்த சாமான் எடுத்ததுதான்மா. மெம்பரே கையெழுத்துப் போட்டிருக்காங்களே. அவங்க வரட்டும், நீங்க யாரு இதுல?" என்றான். முகம் தெரியாத ஒருத்தனை நம்பிக் கையெழுத்துப் போட வைத்து, நாளைக்கு ஒரு குறை என்றால் மாடிப்படிக்குக் கீழே கொண்டுபோய் நிறுத்துகிறார்களே, இதற்குப் பெயர் கிளப்பா? கூட்டுக் கொள்ளை என்று நேரே சொல்லிவிட்டுத்தான் படியிறங்கினேன்.

கடைசியில் வெட்கத்தை விட்டுப் பாயிடம் போனேன். அவர் என்னை ஒன்றும் குத்திக் காட்டவில்லை. நேரே வந்து கட்டிலைச் சுற்றிப் பார்த்தார். விரலால் தட்டினார். "நல்ல மரமா இருந்தா ஒரு மத்தியானத்துல அறுத்துச் சின்னது பண்ணிக் குடுத்துடுவேன் டீச்சரம்மா. இது மேலதான் பளபளப்பு, உள்ள ஒட்டுப் பலகை. வாளை வெச்சா உதிர்ந்துடும்" என்றார். போகும்போது, "தறி வூட்ல பாவு இருக்கிற நாள்ல போயி அளக்கணும். என்கிட்ட சொல்லியிருந்தா போயிருப்பேனே" என்றார். அவர் திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும்.

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் உனக்குத் தெரியும். கட்டில் வெளிச்சுவரில் சாய்ந்து நின்றது. பாவு முடிகிற இரண்டு நாள் மட்டும் உள்ளே வரும், மறுபடி வெளியே போகும். "மாசத்துல ரெண்டு நாள் நாங்களும் கட்டில்காரங்கதான்" என்று நீ பள்ளிக்கூடத்தில் சொல்லிச் சிரித்தாய். ஐப்பசி மழையில் பலகை உப்பிப் பிளந்தது. உன் மாமியார் வீட்டு ஆடு அதன் மேல் படுத்துக்கொண்டது. தெருவில் உனக்குக் கட்டில் டீச்சர் என்று பெயர் வைத்தார்கள். ஒவ்வொரு தடவை பாவு ஏற்றும்போதும் உன் மாமியார் ஆரம்பிப்பாராம், அளவு தெரியாதவள், அறிவு கெட்டவள், படித்து என்ன கிழித்தாள் என்று. தலை நிமிர்ந்து போக நினைத்த வீட்டில் நீ தலை குனிந்தே இருந்தாய். நான் ஒவ்வொரு தடவையும் கிளப்பைத் திட்டினேன். "விடும்மா, அந்த ஆளு எங்க இருக்கானோ" என்று நீதான் என்னைச் சமாதானப்படுத்தினாய். வேடிக்கையைப் பார், பேச்சு வாங்குவது நீ, சமாதானம் எனக்கு!

உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு, உன் வீட்டுக்காரர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "அண்ணா, அன்னைக்கு அறையை அளந்தது நான். அவ இல்ல" என்றேன். இத்தனை வருஷத்தில் அன்றைக்குத்தான் அந்த வீட்டில் அதைச் சொன்னேன்.

அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "தெரியும் டீச்சர்" என்றார்.

"அவ சொன்னாளா?"

"அவ எங்க சொல்லுவா? எங்க அம்மாவுக்கு அப்பவே தெரியும். நீங்க பத்திரிகை வெச்சிட்டுப் போனதும், இந்தப் பொண்ணு சாமி கும்பிட்டுக்கினே அடி எண்ணுதுடான்னு சிரிச்சாங்க."

எனக்கு ரத்தம் கொதித்தது. "தெரிஞ்சுக்கினேவா அவளை அந்தப் பேச்சு பேசினாங்க? இது நியாயமா?" என்று கத்தினேன். காரிய வீடு என்றுகூடப் பார்க்கவில்லை.

அவர் பொறுமையாகச் சொன்னார்: "அவ சிநேகிதி ஒருநாள் வந்து, நான்தான் அளந்தேன்னு சொல்லட்டும், அன்னைக்கோட விட்டுடறேன்னு அம்மா அவகிட்டயே சொன்னாங்க டீச்சர். போயி அவங்களைச் சொல்லச் சொல்லேன்னு நானும் சொல்லிப் பார்த்தேன். அவ கேக்கல."

ஆக, உனக்கும் தெரியும். நான் ஒரு வார்த்தை சொன்னால் எல்லாம் அடங்கிவிடும் என்று தெரிந்தும், தட்டிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு ஒரு நாள்கூட நீ என்னிடம் கேட்கவில்லை. என்ன திமிர் உனக்கு! கேட்டால் என்ன, குறைந்தா போயிருப்பாய்? கேட்டிருந்தால் அந்த நிமிஷமே ஓடிவந்து சொல்லியிருப்பேனே என்று உன் மேல் எரிந்து விழத்தான் இந்தக் காகிதத்தை எடுத்தேன்.

ஆனால் அதை எழுதக் கை வரவில்லை. கேட்டிருந்தாலும் நான் சொல்லியிருப்பேனா என்று எனக்குத் தெரியவில்லை. உனக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் நீ கேட்கவில்லை.