மூன்றாம் பீப்பாய்

செவ்வாய் இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

போர்வைக்குள் டார்ச் அடித்து எழுதுகிறேன், கையெழுத்தைத் திட்டாதே. பள்ளிப் பேருந்து ஓட்டுநர் அண்ணனிடம் கொடுத்தனுப்புகிறேன்.

காய்ச்சல் வந்து போனதிலிருந்து அப்பாவுக்கு வாசனையே தெரிவதில்லை. நம் தோட்டத்து ஒயினை இப்போது நான்தான் முகர்ந்து சொல்கிறேன். வெளியே தெரிந்தால் தொலைத்துவிடுவேன் என்றிருக்கிறார். நம் ஒயினை வாங்கும் கடைக்காரர் வந்தால் கோப்பையை மூக்கருகே வைத்துக்கொண்டு, தன் மூக்கை யாரும் ஏமாற்ற முடியாது என்று கூசாமல் அளக்கிறார்.

நேற்று நான்கு பீப்பாய்களையும் முகரச் சொன்னார். எனக்குச் சளி, மூக்கு அடைத்திருந்தது. சொன்னால் கத்துவாரே என்று நான்கும் நன்றாக இருக்கிறது என்றேன். இன்று மூக்கு திறந்ததும் ஓடிப்போய்ப் பார்த்தேன். மூன்றாவது, வினிகர் நாற்றம். சனிக்கிழமை காலை நான்கையும் ஒரே தொட்டியில் கலக்கப்போகிறார். ஒரு தோட்டம், வருஷத்துக்கு ஒரு கலவை, நமக்கு இருப்பதே அதுதான். கலந்தால் எல்லாம் போச்சு. நான் என்ன செய்ய?

உன் குட்டி

வியாழன்

என் குட்டிக்கு,

ரெண்டு வருஷம் கழித்து வரும் முதல் கடிதம் இப்படியா இருக்க வேண்டும்?

அப்பாவிடம் சொல்லிவிடு. கடைக்காரர் இருக்கும்போது மட்டும் வேண்டாம். அவர் எதிரில் ஒயின் கெட்டுவிட்டது என்று சொன்னதற்குத்தான் நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டிவந்தது. தனியாக இருக்கும்போது, சளி பிடித்திருந்தது என்று ஆரம்பி. கத்துவார். கத்தி முடித்தபிறகு காது கேட்கும். ஞாயிற்றுக்கிழமை மதியம் நான் வருகிறேன், மிச்சத் திட்டைப் பங்கு போட்டுக்கொள்ளலாம்.

அக்கா

சனி இரவு

அக்கா,

நேற்றுச் சாயங்காலம் சொல்லத்தான் போனேன். அப்பா தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சிரித்து, "உங்கக்கா மாதிரி நீ என்னைக் கவுக்க மாட்டே" என்றார். சொல்ல வந்ததை விட்டுவிட்டு நானும் சேர்ந்து தொட்டியைத் தேய்த்தேன்.

எல்லோரும் தூங்கியபிறகு கிடங்குக்குப் போய் மூன்றாவது பீப்பாயின் குழாயைத் திறந்துவிட்டேன்.

காலையில் தரையெல்லாம் சிவப்பு. வினிகர் நெடியில் எனக்குக் கண் எரிந்தது. அப்பாவுக்குத் தெரியவில்லை. அதன் நடுவில் முட்டிபோட்டு உட்கார்ந்து, நல்ல ஒயினு, நல்ல ஒயினு என்று கையால் வழித்து வழித்துப் பார்த்தார். அப்பா அழுது நான் பார்த்ததில்லை. பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"கிடங்குச் சாவி ஒண்ணு இன்னும் உங்கக்காகிட்டதானே இருக்கு? அவளா?"

நான் ஆமாம் என்றேன், அக்கா. ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. வாயில் அதுதான் வந்தது.

மற்ற மூன்றையும் கலந்துவிட்டார். கலவை நன்றாக வந்திருக்கிறது. அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. மத்தியானம் பூட்டை மாற்றினார். நீ இந்தப் பக்கம் வந்தால் போலீசைக் கூப்பிடுவாராம்.

வராதே என்று சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். ஆனால் திங்கட்கிழமைவரை பேருந்து கிடையாது. நாளை மதியம் நீ ஒன்றும் தெரியாமல் வந்து நிற்பாய்.

அதனால் இதை மடித்து அப்பாவின் பூட்ஸுக்குள் வைக்கப்போகிறேன். விடிந்ததும் தோட்டத்துக்குப் போக அதைத்தான் எடுப்பார்.

அப்பா, இதுவரை படித்திருந்தால், குழாயைத் திறந்தது நான்தான். அக்கா பசியோடு வருவாள். திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.

குட்டி