தினகரன் வண்டிக்கு மாட்டிய டர்போ

அன்புள்ள அம்சவேணிக்கு,

நீயும் அப்பாவும் சுகம்தானே? அவர் இருமல் குறைந்ததா? இங்கே குன்னூரில் குளிரைத் தவிர எனக்குக் குறையில்லை.

என் அறையில் தங்கும் தினகரனின் சின்ன டிராக்டர் எஸ்டேட் ஏற்றத்தில் திணறியது. கேட்டானே என்று எஞ்சினுக்கு இழுவையைக் கூட்டும் டர்போ ஒன்றைப் பழைய வேனிலிருந்து கழற்றி மாட்டிக் கொடுத்தேன். இப்போது அது நான் ஓட்டும் வண்டியில் ஏற்றும் தேயிலையையும் சேர்த்து ஒரே நடையில் இழுக்கிறது. உடனே அவன் மேனேஜரிடம் போய், "இலைக்கு வெலையே இல்லீங்க, ரெண்டு டிரைவர் எதுக்குங்க?" என்றானாம். எனக்குக் கணக்கு முடித்துவிட்டார்கள். பயப்படாதே.

கம்பளிச் சட்டை அனுப்ப வேண்டாம். சனிக்கிழமை பஸ் ஸ்டாண்டுக்கு வா, தனியாக வந்து இறங்க என்னவோபோல் இருக்கிறது.

நிறுத்தும் முன் எஞ்சினைக் கொஞ்ச நேரம் சும்மா ஓடவிடாவிட்டால் டர்போ கருகிவிடும். அதை மட்டும் அவனுக்கு நான் சொல்லவில்லை. இதோ வந்துவிட்டான். வந்ததும் எஞ்சினை அணைத்துவிட்டான். முடிக்கிறேன்.

மருதாசலம்