தூக்குச்சட்டி நனையவில்லை

1971

ஆகஸ்ட் 3

மழை வருவதுபோல் போக்குக் காட்டிவிட்டுப் போய்விட்டது. ஆபீஸில் நாள் முழுக்க டைப் அடித்து விரல் நோகிறது. வீட்டுக்கு வந்தால் அண்ணன் கண்ணாடி முன்னால் விழுந்து விழுந்து எழுந்துகொண்டிருக்கிறான். வெள்ளிக்கிழமை 'மாப்பிள்ளை வழுக்கினார்' வருகிறதாம். சின்ன வயதில் நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்த அதே படம். கல்யாண வீட்டை ஹார்பராக மாற்றி, கலரில் மறுபடி எடுத்திருக்கிறார்கள். ஹார்பரில் மூட்டை தூக்கும் எங்கண்ணன் அருள்நாதன் அதில் ஒரு சீன் நடித்திருக்கிறான். பேர் கிடைத்தால் அடுத்த படத்திலும் வேஷம் உண்டாம்.

"ஹார்பருக்கு ஒரு கும்புடு போட்ருவேன் ஃப்ளோரா" என்கிறான். போடட்டும், பார்ப்போம்.

ஆகஸ்ட் 14

பத்திரிகைகள் படத்தைக் கிழித்துத் தொங்கவிட்டுவிட்டன. "சாயம் ஏறியிருக்கிறது, சிரிப்பு இறங்கிவிட்டது" என்கிறது ஒன்று. பழைய படத்தில் பாதியாவது தேறாதா என்று அழுகிறது இன்னொன்று.

ஆனால் ஒரு வாரப் பத்திரிகையின் கடைசிப் பத்தி முழுக்க அண்ணன்தான்! கப்பல் ஏணியில் வழுக்கியவன் ஒரு கையால் கயிற்றைப் பிடித்துத் தொங்குகிறான். மறு கையில் சோற்றுத் தூக்குச்சட்டி. ஓடிவரும் கதாநாயகன் ஆளை விட்டுவிட்டுச் சட்டியை வாங்கிப் பத்திரமாக வைக்கிறான். திரும்பினால் ஆள் தண்ணீரில். "படத்தில் அசல் கற்பனை இது ஒன்றுதான்" என்று எழுதியிருக்கிறார்கள்.

உரக்கப் படித்துக் காட்டினேன். அண்ணன் சிரிக்கவே இல்லை. அதற்குள் இவ்வளவு கர்வமா?

ஆகஸ்ட் 15

மாதா திருநாள் பூசை முடிந்து தெருவே படத்துக்குப் போனது. பக்கத்து வீட்டுச் சிலுவையம்மாள் அக்காவை நான்தான் வற்புறுத்தி அழைத்துப் போனேன். அவள் புருஷன் இன்னாசி போன வருஷம் ஹார்பரில் வழுக்கி விழுந்து இறந்ததிலிருந்து அவள் எங்கும் வருவதில்லை.

அந்த சீன் வந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை. ஹார்பர் ஆட்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அக்கா எழுந்து நின்றாள்.

"சோறு நனையாம வந்துச்சே... இப்டித்தான் நனையாம வந்துச்சா!"

ஐயோ. ஆமாம், அன்றைக்கு அவர் உடம்போடு தூக்குச்சட்டியும் வீட்டுக்கு வந்தது. சோறு உலர்ந்தபடி அப்படியே இருந்தது. கடலில் விழுந்தவர் சோறு எப்படி நனையாமல் இருந்தது என்று அக்கா எல்லோரையும் கேட்டாள். யாரும் வாயைத் திறக்கவில்லை.

எங்கண்ணனுக்குத் தெரியுமா? தெரிஞ்சேவா நடிச்சான்?

ஆகஸ்ட் 16

காலையில் அக்கா வாசலில் வந்து நின்றாள். "எம் புருசன் சாவு உனக்குத் தமாஷா கீதாடா? யாரு வாங்குனது அந்தச் சட்டிய?"

"நான்தாங்க்கா." அண்ணன் நிமிரவில்லை. "தொங்கிக்கினே சிரிச்சாரு. 'சோத்தப் புடி மச்சான், நான் நீந்தி வந்துர்றேன்'னாரு. நாங்களும் சிரிச்சோம். கப்பலுக்கும் கரை சொவத்துக்கும் நடுவுல மாட்டிக்குவாருன்னு யாருக்குக்கா தெரியும்?"

இந்தத் தெருவில் யாராக இருந்தாலும் சோற்றைத்தான் முதலில் வாங்கியிருப்பார்கள். நீந்தத் தெரியாதவன் இங்கே யார்? ஆனால் அதைப் போய்ப் படத்தில் ஏன்டா வைத்தாய் என்று கேட்டேன்.

"நெஜமா சிரிச்ச மாதிரி ஒண்ணு சொல்லுன்னாரு டைரக்டரு. எனக்கு வேற இன்னாவும் ஞாபகத்துல வர்ல."

அக்கா திரும்பிப் போய்விட்டாள்.

ஆகஸ்ட் 19

டைரக்டர் ஆள் அனுப்பினார். அடுத்த படத்திலும் அதே போல விழ வேண்டுமாம். "ஆள வுடு சார்" என்று அண்ணன் திருப்பி அனுப்பிவிட்டான். சரியாகச் சாப்பிடுவதும் இல்லை.

ஆகஸ்ட் 21

மீன்காரி பச்சையம்மா ஒரு சேதி சொன்னாள். அக்கா தினம் மேட்னிக்குப் போகிறாளாம், தனியாக! "அந்த சீனு முடிஞ்சதும் எயுந்து பூடுது."

போய்க் கேட்டேன். "அவரு போட்டோ ஒண்ணுகூட இல்ல ஃப்ளோரா. தொங்கறப்போ ஒங்கண்ணன் அவராட்டமே சிரிக்கிறான்" என்றாள்.

ஆகஸ்ட் 26

நாளை கொட்டகையிலிருந்து படத்தை எடுக்கிறார்கள். அக்கா வந்து, "அருளு, எயுந்து வா" என்றாள். வரமாட்டேன் என்றவனைக் கையைப் பிடித்து இழுத்துப் போனாள். கூடவே நானும் போனேன்.

அந்த சீன் வந்தது. கொட்டகை அன்றைக்குப் போலவே அடங்கிப்போயிற்று. அப்போது அக்கா சிரித்தாள், வாய்விட்டு. முன்வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு ஹார்பர் ஆட்களில் யாரோ ஒருவர் சிரித்தார், அவருக்குப் பின்னால் எல்லோரும்.

அண்ணன் குனிந்து அழுதான். விளக்கு போடும்வரை அக்கா அவன் கையை விடவே இல்லை.