கடைசி வாய் டீ

என் வீட்டுக்காரிக்கு,

நலமா? உன் அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்ததா? நான் நன்றாக இருக்கிறேன். அடுத்த வரியைப் படித்ததும் நீ அழ ஆரம்பித்துவிடுவாய் என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

செவ்வாய்க்கிழமை இங்கே ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இஸ்திரி போடும்போது கண் இருட்டிக்கொண்டு வந்தது. காலையில் வெறும் டீயோடு வேலைக்குப் போனதுதான் காரணம். விழுந்தது போர்வைக் குவியலில், அதனால் அடி எதுவும் இல்லை. நர்சம்மா சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துவிட்டுத் திட்டினார்.

"சர்க்கரை வைக்கோல் மாதிரி, குப்புனு எரிஞ்சு அணைஞ்சுடும். சோறும் கிழங்கும் விறகு மாதிரி, மெதுவா எரிஞ்சு ரொம்ப நேரம் தாங்கும். நார்ச்சத்து செரிக்காது, ஆனா அதுதான் எல்லாத்தையும் நிதானமா உள்ள விடும். மிச்சத்துல கொஞ்சத்தைக் கல்லீரல் எடுத்து வெச்சுக்கிட்டு, பசிக்கிறப்ப குடுக்கும்."

கல்லீரலைப் பற்றிச் சொன்னதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் எப்போது வந்தாலும் எனக்கென்று ஒரு தட்டை மூடி வைத்திருப்பாயே!

"மயங்கி விழுந்துட்டு என்னய்யா சிரிப்பு?" என்று நர்சம்மா முறைத்தார்.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் தோல் நீக்காத வறுகடலை கொஞ்சம் கொடுத்தனுப்பு. என் எவர்சில்வர் டம்ளரையும்தான். காலை அவசரத்தில் நீ சர்க்கரையைக் கலக்காமலே டீயை அதில் நீட்டுவாய், நான் கத்துவேன். ஆனால் கடைசி வாய் தேனாக இருக்கும்.

மணி அடித்துவிட்டது, ஓட வேண்டும். நீயாவது வேளைக்குச் சாப்பிடு. நேற்று நானும் கலக்காமல் குடித்துப் பார்த்தேன். கடைசி வாய் இனிக்கத்தான் செய்தது. கத்துவதற்குத்தான் எதிரே ஆளில்லை.

உன் வீட்டுக்காரன்