எட்டடி உயரத்தில் அம்மா

அம்மாவுக்கு,

மூன்று வருடம் வாய் திறக்காமல் இருந்தது போதும். உடம்பு எப்படி இருக்கிறது? நான் நன்றாக இருக்கிறேன். எம்.ஏ. படித்தவனுக்கு மும்பையில் ஓர் ஓவிய அருங்காட்சியகத்தில் காவல் வேலை.

மீன்குஞ்சுகளையும் சேர்த்து வாரிவிடும் சுருக்குமடி வலைக்கு எதிராக மனு கொடுத்தேன் என்று ஊர்க்கூட்டம் என்னைத் தள்ளிவைத்தபோது, தம்பி குமாரவேல்தான் சரியென்று முதலில் கைதூக்கினான். அதை நான் மறக்கவில்லை.

இங்கே கோடைக் கண்காட்சியில் நம் எண்ணூர்ப் புகைப்படங்கள் வைத்திருக்கிறார்கள். நான் காவல் நிற்கும் அறையில் எட்டடி உயரப் படத்தில் நீ இருக்கிறாய், மீன்கூடையோடு. கீழே உன் பெயர்கூட இல்லை.

நேற்று தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. "இன்னாய்யா, எறா வாங்காம போறோம்னு ஆயா நம்மள மொறைக்கிற மாரியே கீது!" என்றாள் அந்தக் குடும்பத்துப் பெண், உன் படத்தைக் காட்டிப் புருஷனிடம். சிரித்துவிட்டேன். "நம்மூராண்ணா நீ? ஆயாவத் தெரியுமா?" என்று கேட்டாள். தெரியாது என்றேன்.

அம்மா, உன் இடது கண்ணில் புரை விழுந்திருக்கிறது. இவ்வளவு பெரிய படத்தில் நன்றாகத் தெரிகிறது. கூடவே இருப்பவர்கள் ஒருவரும் கவனிக்கவில்லையா? உடனே கண் ஆஸ்பத்திரிக்குப் போ. அதுவரை அருவாமனையில் மீன் நறுக்காதே. ஞாயிற்றுக்கிழமை படங்களைக் கழற்றிவிடுவார்கள். அதன்பிறகு உன்னை எங்கே போய்ப் பார்ப்பேன்?

தம்பி மகள் கீர்த்தி படித்துக் காட்டியதும் இதைக் கிழித்துவிடச் சொல். என் கடிதம் வந்தது தெரிந்தால் உங்களையும் ஊர் தள்ளிவைக்கும். உறையிலும் என் பெயர் எழுதவில்லை. இங்கேயும் கையெழுத்துப் போடாமலே தபாலில் சேர்க்கிறேன்.