நாற்பத்தைந்தில் ஓடிய தட்டு

என் அருமை மாப்பிள்ளை,

பெரியவர்கள் முன்னால் உன்னை ‘நீங்க’ என்று கூப்பிடுவேன். ரெக்கார்டு பெட்டி முன்னால் உட்கார்ந்துவிட்டால் ‘நீ’தான். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் இருந்தவன் என் தங்கச்சியைக் கட்டிக்கொண்டதால் வந்த தொல்லை அது. இது ரெக்கார்டு சமாச்சாரம் என்பதால் நீ என்றே எழுதுகிறேன். ஊரே படித்தாலும் படிக்கட்டும்.

நீ போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. முதலில் ஊர்ச் சேதியைச் சொல்லிவிடுகிறேன். பெங்களூர் பஸ்ஸில் உன் இடத்துக்கு வந்த கண்டக்டர் சிரிக்கவே மாட்டேன் என்கிறார். கோழியோடு யாராவது ஏறினால் போதும், மனுஷர் மூஞ்சி அஷ்டகோணல் ஆகிவிடுகிறது. நம்ம பாப்பாரப்பட்டியில் சந்தைக்குப் பக்கத்திலேயே கேசட் கடை வந்துவிட்டது, எந்தப் பாட்டு வேண்டுமானாலும் பதிந்து தருகிறான். நம்ம ரெக்கார்டுப் பாட்டு கிடைக்குமா என்று விசாரித்தேன். அப்படி ஒன்று இருக்கிறதா என்று என்னையே திருப்பிக் கேட்டான். என் மாவு மில் அப்படியேதான் ஓடுகிறது, கரண்ட் இருக்கிற நேரத்தில். என் குரலும் அதே மில்லுக்காரன் குரல்தான். இந்தக் கடிதத்தைக்கூடச் சத்தமாகச் சொல்லிக்கொண்டேதான் எழுதுகிறேன், உள்ளேயிருந்து என் பெண்டாட்டி, உனக்கு அக்கா முறைக்காரி, என்னை அதட்டிக்கொண்டிருக்கிறாள்.

உனக்கு அந்த ரெக்கார்டுப் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்று இன்றைக்கும் என்னைக் கேட்கிறார்கள். பெங்களூரில் வண்டி திரும்புகிறவரை மற்ற கண்டக்டர்கள் பஸ்ஸிலேயே காலை நீட்டித் தூங்குவார்கள். நீ பழைய சாமான் கடைகளைத் தேடிப் போவாய். சினிமாப் பாட்டுச் சின்னத் தட்டு வாங்கப் போனவன் தலையில், கடைக்காரர் ஒரு கட்டுப் பெரிய தட்டைக் கட்டிவிட்டார். ஊரைக் காலி பண்ணிக்கொண்டு போன ஒரு வெள்ளைக்காரர் விட்டுப்போனதாம். ஜாஸ் என்றாராம். ஜாஸிலேயே கட்டுக்கு அடங்காத ஜாஸ், மெட்டும் கிடையாது தாளமும் கிடையாது, போட்டுக் காட்டினால் வந்த கிராக்கியும் ஓடிவிடுகிறது, நீயாவது எடுத்துக்கொண்டு போ என்றாராம். அதை டிரைவர் சீட்டுக்குப் பின்னால் நிற்க வைத்து, ஓசூர், கிருஷ்ணகிரி எல்லாம் தாண்டி, ஒருத்தர் கால் படாமல் கொண்டுவந்து சேர்த்தாய்.

முதல் தட்டை வைத்த மத்தியானம் ஞாபகம் இருக்கிறதா? சாக்ஸஃபோன்காரன் எடுத்த எடுப்பிலேயே அலறினான். டிரம்ஸ்காரன் பாத்திரக் கடையைக் கவிழ்த்துவிட்டது போல அடித்தான். நான்கு பேரும் நான்கு ஊருக்குப் போகிற அவசரத்தில் இருந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, மாடு கன்று போடுதுங்களா என்று கேட்டார். நீ தரையில் உருண்டு சிரித்தாய்.

எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. நாள் பூராவும் மில் சத்தத்தில் நிற்கிறவன் நான். பெல்ட் அடிக்கிற அடியிலும் கல் உறுமுகிற உறுமலிலும் ஏதோ ஒன்று எனக்குக் கேட்டுக்கொண்டே இருக்கும். வெளியே சொன்னால் ஒரு மாதிரி பார்ப்பார்களே என்று யாரிடமும் சொன்னதில்லை. அது அன்றைக்கு உன் வீட்டுத் தட்டில் கேட்டது. மறுபடியும் வை என்றேன். அப்போது நீ என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! பெண் கேட்டு வந்து, சரி என்று நான் தலையாட்டிய அன்றைக்குக்கூட நீ அவ்வளவு சந்தோஷமாகப் பார்க்கவில்லை.

அதற்கப்புறம் கேட்க வேண்டுமா. கட்டுக்கு அடங்காத தட்டு எது வந்தாலும் கண்டக்டருக்கு என்று அந்தக் கடைக்காரர் எடுத்து வைக்க ஆரம்பித்தார். தங்கச்சி சாந்தாவின் சீர் டிரங்குப் பெட்டியிலிருந்த பட்டுப்புடவைகள் பரணுக்குப் போக, தட்டுகள் பெட்டிக்குள் வந்தன. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் மில்லுக்கும் லீவு, உனக்கும் ஓய்வு. நிமிஷத்துக்குச் சின்னத் தட்டுக்கு நாற்பத்தைந்து சுற்று, பெரிய தட்டுக்கு முப்பத்திமூன்று என்று சாந்தாவுக்கு நீ பாடம் எடுத்தாய். வேகம் மாற்றுகிற குச்சி எந்த எண்ணில் இருக்கிறது என்று பார்க்காமல் ஊசியை வைத்தால், டிக்கெட் இல்லாமல் ஏறியவரைப் பார்க்கிற மாதிரி அவளைப் பார்ப்பாய்.

ஒன்று மட்டும் உனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. பெரிய தட்டுகள் எல்லாம் லேபிளில் போட்டிருந்த நேரத்துக்கு முன்னாலேயே முடிந்துவிடும். “வண்டி டயத்துக்கு முன்னாடியே வந்துருச்சு மச்சான், டிரைவர் மேல கம்ப்ளெய்ன்ட் எழுதணும்” என்பாய். ரெண்டு பேரும் சிரிப்போம். சிரித்ததோடு சரி.

இப்போது சின்னவன் விஷயத்துக்கு வருகிறேன். படிக்கிறவர்களுக்கும் தெரியட்டும். கறுப்பு அட்டை போட்ட தட்டில் இரண்டாவது பக்கம் முடிகிற இடத்தில், அலறல் எல்லாம் ஓய்ந்து ஒரு நிமிஷம் சத்தமே இருக்காது. அப்புறம் யாரோ களுக்கென்று சிரித்து, இங்கிலீஷில் ரெண்டு வார்த்தை சொல்கிற சத்தம். பிஞ்சுக் குரல். முதல் தடவை கேட்டபோது அடுப்படியில் இருந்த சாந்தா ஈரக் கையோடு ஓடிவந்தாள். “யாரு அந்தக் கொழந்த?” என்றாள். வாசிக்கிறவனுடைய பையனாக இருக்கும், அப்பாவைக் கூப்பிட வந்திருப்பான் என்று நீ சொன்னாய்.

உங்களுக்குக் குழந்தை இல்லை. தர்மபுரியில் பார்க்காத டாக்டர் இல்லை, ஏறாத மலைக்கோயில் இல்லை, கடைசியில் போதும் என்று விட்டுவிட்டீர்கள். அன்றிலிருந்து அந்தக் குரலுக்குச் சின்னவன் என்று பேராகிவிட்டது. பாட்டு முழுக்க அடுப்படியில் இருப்பவள், கடைசியில் மட்டும் வந்து பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள். “அப்பன் அந்தக் கத்து கத்தறான், புள்ள என்னமா சிரிக்குது பாரு” என்பாள். ஒரு மார்கழியில் பெங்களூரிலிருந்து சிவப்புக் கம்பளிக் குல்லா ஒன்று வாங்கி வந்து, சின்னவனுக்குக் குளிருமாம் என்று ரெக்கார்டு பெட்டியின் ஸ்பீக்கருக்கு மாட்டிவிட்டாய். வேடிக்கைக்குத்தான் செய்தாய். ஆனால் அதை எடுத்து வைக்க வேண்டும் என்று ரெண்டு பேருக்குமே தோன்றவில்லை.

போன வருஷம் ஐப்பசியில், டிக்கெட் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே நீ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். அதைப் பற்றி எழுத எனக்குத் தெம்பு இல்லை. அன்றிலிருந்து சாந்தா ரெக்கார்டு பெட்டியைத் தொடவில்லை. முதல் தெவசம் நெருங்கும்போது என்னைக் கூப்பிட்டுவிட்டாள். “அண்ணா, அன்னிக்கு அந்தத் தட்டப் போடணும். அவுரு இல்லாத வூட்டுல அந்தப் பையன் சத்தமாச்சும் கேக்கட்டும்” என்றாள்.

பெட்டியை மில்லுக்கு எடுத்து வந்து ஓட்டிப் பார்த்தேன். முக்கி முனகியது, சுற்றவில்லை. திருகாணியைக் கழற்றித் தட்டு மேடையைத் தூக்கினேன். மாப்பிள்ளை, உள்ளே என்ன இருந்தது தெரியுமா? புல்லி. நம்ம மில்லில் பெல்ட் மாட்டுகிற உருளை மாதிரி, படிப்படியாக, மேலே ஒரு சுற்றளவு, கீழே ஒரு சுற்றளவு. ஒரு ரப்பர் சக்கரம் எந்தப் படியில் உட்காருகிறதோ அந்த வேகத்தில் தட்டு சுற்றும். மேலே இருக்கிற குச்சியை முப்பத்திமூன்றுக்குத் தள்ளினால் சக்கரம் அந்தப் படிக்கு மாற வேண்டும். மாற்றுகிற கம்பி எந்தக் காலத்திலோ அறுந்து கிடந்தது. நாம் குச்சியை எங்கே தள்ளினாலும் சக்கரம் நாற்பத்தைந்திலேயே உட்கார்ந்திருந்தது. சினிமாப் பாட்டுத் தட்டு எல்லாம் நாற்பத்தைந்து என்பதால் அதில் குறை தெரியவில்லை. நம் பெரிய தட்டில் இருந்ததோ மெட்டும் தாளமும் இல்லாத பாட்டு. அது வேகமாக ஓடுகிறது என்று எவன் கண்டுபிடிப்பான்? கேழ்வரகுக்கு ஒரு புல்லி, மிளகாய்க்கு ஒரு புல்லி என்று ஆயுசு பூராவும் மாற்றிக்கொண்டிருக்கிற நான் இத்தனை வருஷம் அதன் மேலேயே உட்கார்ந்து தலையாட்டியிருக்கிறேன். தனியாகவே விழுந்து விழுந்து சிரித்தேன். மாவு அரைக்க வந்த அம்மா தூக்குக்கூடையோடு ரெண்டு அடி பின்னால் போய்விட்டார்.

கம்பியை மாற்றி, சக்கரத்துக்கு ரப்பர் போட்டு, கறுப்பு அட்டைத் தட்டை அதன் சரியான வேகத்தில் வைத்தேன். நீ கேட்காத தட்டு அது. நாம் அலறல் என்று நினைத்தது அலறல் இல்லை, ஒரு ஆள் மனசில் இருப்பதைத் தட்டுத் தடுமாறிச் சொல்லப் பார்க்கிறான். கீழே ஒரு பெரிய தந்தி வாத்தியம் உறுமிக்கொண்டே வருகிறது, அப்படி ஒருவன் வாசிக்கிறான் என்பதே நமக்குத் தெரியாது. நாம் கேட்டதெல்லாம் அப்போது என்ன? பொய்யா? ஆனந்தமாகக் கேட்டுக்கொண்டே போனேன். கடைசிக்கு வந்தபோது சின்னவனுக்காகக் காதைக் கிட்டே கொண்டுபோனேன். களுக் சிரிப்பு வரவில்லை. கட்டைக் குரலில் வளர்ந்த ஒரு ஆம்பிளை சிரித்து, ரெண்டு வார்த்தை பேசி, லேசாக இருமினான். சின்னவன் இல்லை மாப்பிள்ளை. சின்னவன் என்று ஒருத்தன் இருந்ததே இல்லை.

இதைச் சாந்தாவிடம் எப்படிச் சொல்வது? புருஷனும் போய், இருந்த ஒரு குரலும் போயிற்று என்றா சொல்வது? சொல்வதில்லை என்று முடிவு பண்ணினேன். இப்போதுதான் குச்சி ஒழுங்காக வேலை செய்கிறதே. நாற்பத்தைந்தில் வைத்துப் போட்டால் சின்னவன் பழையபடி சிரித்துவிட்டுப் போகிறான், யாருக்கு நஷ்டம்?

தெவசத்தன்று சாப்பாடு முடிந்து சொந்தக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். குச்சியை நாற்பத்தைந்துக்குத் தள்ளி வைத்துவிட்டுக் கை கழுவக் கொல்லைக்குப் போனேன். திரும்பி வருவதற்குள் சாந்தா தன் கையாலேயே ஊசியை வைத்துவிட்டாள். தட்டு மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. பெரிய தட்டுக்கு முப்பத்திமூன்று. நீ சொல்லிக்கொடுத்ததை அவள் மறக்கவில்லை, பார்த்துத் திருத்தியிருக்கிறாள். தெவச நாளும் அதுவுமாக இதென்ன கருமம் என்று உன் அண்ணன் முணுமுணுத்தார். எட்டிக் குச்சியைத் தள்ளிவிடலாமா என்று எனக்குக் கை பரபரத்தது. ஆனால் அவள் கண் தட்டை விட்டு நகரவில்லை. உட்கார்ந்துவிட்டேன்.

கடைசி வந்தது. கட்டைக் குரல் சிரித்தது, பேசியது, இருமியது. சாந்தா என் பக்கம் திரும்பினாள். “இது யாருண்ணா?” என்றாள்.

சக்கரத்தையும் அறுந்த கம்பியையும் சொன்னேன். வாழ்க்கையில் முதல் தடவையாக மெதுவாகப் பேசினேன். “அப்போ அவுரு கேட்டதும் நான் கேட்டதும் ஒண்ணுதானே?” என்றாள். ஒண்ணுதான் சாமி என்றேன். ஸ்பீக்கர் மேலிருந்த குல்லாவைப் பார்த்தாள்.

“எத்தன வருசமாச்சு, வளர மாட்டானா? கொரலு ஒடஞ்சிருச்சுண்ணா. பெரிய பையனாயிட்டான்” என்றாள்.

சொல்லிவிட்டுச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் கொட்டக் கொட்டச் சிரித்தாள். நானும் அழுதேன், சிரித்தேன், எது முதலில் என்று தெரியவில்லை. உன் அண்ணன்கூடத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இன்னொரு தரம் வைக்கச் சொன்னார். அப்புறம் சாந்தா ஸ்பீக்கரிலிருந்து குல்லாவைக் கழற்றி உதறினாள். “இனிமே இது அவனுக்குப் பத்தாது” என்று என் பேரன் தலையில் மாட்டினாள். அவன் போட்ட அலறல் இருக்கிறதே, உன் சாக்ஸஃபோன்காரன் பிச்சை வாங்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போய்வருகிறேன். உன் தட்டுகள் அத்தனையும் இப்போது எனக்குப் புதுசு, ஒவ்வொன்றாக முப்பத்திமூன்றில் கேட்டு உனக்கும் சேர்த்துத் தலையாட்டுகிறேன். சாந்தா இப்போது முதலிலிருந்தே உட்கார்ந்து கேட்கிறாள். பிஞ்சுக் குரலைக் கேட்க அவளுக்கு ஆசை வந்தால் குச்சியை நாற்பத்தைந்துக்குத் தள்ளிக்கொள்ளலாம் என்று காட்டிக்கொடுத்திருக்கிறேன். இதுவரை தள்ளவில்லை.

நீ கவலைப்படாதே. அந்தச் சக்கரத்துக்கு ரப்பர் தேய்ந்தால் நான் போடுவேன், கம்பி அறுந்தால் நான் கட்டுவேன், நான் இருக்கிறவரை உன் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை அந்தப் பையன் பேசுவான். பெரியவனாகிவிட்டான், தகப்பன் பக்கத்தில் இல்லை. முறை என்று ஒன்று இருக்கிறதே, நான் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் மச்சான்,
சின்னவனுக்குத் தாய்மாமன்.